கூரைமேல் மூன்று துண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மாலதி தாராவிப் பட்டறையின் தகரக் கூரைக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறினாள். கையில் நோட்டு, காதோரம் பேனா. கூரைமேல் கிடந்த பழைய கட்டில் சட்டத்தில் மூன்று பிளாஸ்டிக் துண்டுகள் துணி கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். முதல் துண்டு சாதாரண பிளாஸ்டிக். இரண்டாவதில் நூற்றுக்கு ஒரு பங்கு மருந்து கலந்திருந்தது. மூன்றாவதில் நூற்றுக்கு இரண்டு பங்கு.

ஏழு வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் அவள் செய்வது ஒரே காரியம்தான். மூன்று துண்டுகளையும் ஒருமுறை மடித்துப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று எழுதிவைப்பாள். அன்று முதல் துண்டு மடிந்து மறுபடி நிமிர்ந்துகொண்டது. இரண்டாவது துண்டின் மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. மூன்றாவது துண்டு, பாதி மடிப்பதற்குள்ளேயே, காய்ந்த அப்பளம் மாதிரி 'டிக்' என்று முறிந்தது.

மாலதி சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்துக் கூரையில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை. காக்காய் கொத்தியிருக்குமோ, கிளிப் அழுத்தியிருக்குமோ என்று துண்டின் மறுமுனையையும் மடித்தாள். அதுவும் முறிந்தது. "நாள் 49. துண்டு 3 மடித்ததும் முறிந்தது. மறுமுனையும் முறிந்தது" என்று எழுதினாள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "நான் அதிகமாக அழுத்தியிருக்கலாம்" என்றும் எழுதினாள். எதை எழுதினாலும் கீழே அப்படி ஒரு வரி சேர்க்காமல் அவளால் நோட்டை மூட முடியாது. ஆனால் ஏணியில் இறங்கும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பு நோட்டில் எழுதப்படவில்லை.

மாலதிக்கு இருபத்திரண்டு வயது. பெற்றோர் மும்பைக்கு வெளியே கல்யாண் ஊரில் இருந்தார்கள். அவள் தாய்மாமன் ராஜபாண்டியின் வீட்டில் தங்கி, பகலில் அவருடைய பட்டறையில் வேலை பார்த்தாள். ஊரெல்லாம் பொறுக்கி வந்து கொட்டும் பைகளையும் உறைகளையும் தரம் பிரித்து, கழுவி, உருக்கி, அரிசி மாதிரி சின்னச் சின்ன மணியாக வெட்டி விற்கும் பட்டறை. சாயங்காலம் செம்பூரில் பிளாஸ்டிக் தொழில்நுட்ப வகுப்பு. அந்த வகுப்புக்கான கடைசிச் செய்முறைப் பாடம்தான் கூரையில் தொங்கியது.

அவள் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் நாலா என்ற சாக்கடைக் கால்வாய். பட்டறைக்கு வரும் பைகளில் எல்லாமே வேலைக்கு ஆவதில்லை. சகதி ஏறியது, மெல்லியது, யாரும் எடுக்காதது என்று கொஞ்சம் எப்போதும் மிஞ்சும். அதெல்லாம் கடைசியில் நாலாவில்தான் போய்ச் சேரும். ஒவ்வொரு மழைக்கும் நாலா அடைத்து, தண்ணீர் கட்டில் கால்வரை வரும். யாரும் பொறுக்காத அந்தப் பை தானாகவாவது மக்கிப் போனால் என்ன என்று அவள் நினைத்தாள். பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் நீளமான சங்கிலிகளை வெயிலும் காற்றும் அறுக்க எத்தனையோ வருடம் ஆகும். உருக்கும்போதே இந்த மருந்தைச் சேர்த்துவிட்டால் சில மாதங்களில் அறுந்துவிடும். அறுந்ததை மண்ணிலுள்ள கிருமிகள் முழுசாகத் தின்னுமா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே சண்டை இருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். மாலதி அதையும் எழுதி வைத்திருந்தாள்.

மருந்தைக் கொடுத்தவன் வகுப்புத் தோழன் நகுல். மாட்டுங்கா பையன். அந்த மாதிரி மருந்துகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தான். ஐந்து கிலோ மாதிரிப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். பார்வைக்கு அதுவும் பட்டறை மணி மாதிரியேதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கோபர்கைரனேயிலிருந்து கலீலுல்லா வந்தார். ஐந்து வருடமாக ராஜபாண்டியிடம் மணி வாங்கித் தார்ப்பாய் செய்பவர். மழைக்கு முன்பு மும்பையில் பாதிக் கூரைகள் கறுப்பும் நீலமுமாக மாறுவதில் அவர் பங்கும் உண்டு. அன்று டீ வேண்டாம் என்றார். அதிலேயே எல்லோருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துபோயிற்று.

கையில் வைத்திருந்த கறுப்புத் தார்ப்பாய்த் துண்டை ராஜபாண்டியிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, இத ஒரு மடிப்பு மடிங்க."

ராஜபாண்டி மடித்தார். 'டிக்' என்றது.

தராசுப் பக்கத்தில் நின்ற மாலதிக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"இது எப்படி பாய்?" என்றார் ராஜபாண்டி.

"அதத்தான் நான் கேட்க வந்தேன். என் யார்டுல சரக்கு மேல மூடிப் போட்டிருந்தேன். ஒன்றரை மாசம்கூட முழுசா ஆகல. நேத்து காத்தடிச்சதுல கிழியல, நொறுங்குச்சு. நல்லவேளை, வெளிய ஒண்ணும் போகல. இத வாங்கிட்டுப் போயி ஒருத்தன் கூரைல போட்டு, சூன் மாசம் ராத்திரி தலைல கொட்டியிருந்தா என் வாசல்ல வந்து நிப்பான்லா?"

"என் சரக்குல இப்படி வந்ததே இல்லையே."

"உங்க சாக்குதான். தேதி பாருங்க. மார்ச் பதினாறு."

பட்டறையில் ஒவ்வொரு சாக்கின் வாயிலும் தேதி எழுதித் தைப்பது மாலதியின் வேலை. அவள் ஆரம்பித்த பழக்கம்தான் அது. ராஜபாண்டி அந்தத் தேதிச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் திருப்பி, வாசலோரம் உட்கார்ந்திருந்த மாரீஸ்வரியைப் பார்த்தார்.

மாரீஸ்வரிக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். பட்டறையில் பை பிரிக்கும் ஆறு பெண்களில் வாசல் வெளிச்சத்தில் பலகை போட்டு உட்காருபவள் அவள். அது அவள் மூக்குக்குக் கிடைத்த இடம். சந்தேகமான பை எது வந்தாலும் அவள் கைக்குத்தான் போகும். லைட்டரால் ஒரு ஓரத்தைக் கொளுத்தி, ஊதி அணைத்து, மோந்து பார்ப்பாள். மெழுகுவத்தி வாடை வந்தால் இந்தக் கூடை. டீசல் வாடைக்கு அடுத்த கூடை. கண்ணை எரிக்கும் காட்டம் வந்தால் வெளியே. பக்கத்துச் சந்துப் பட்டறைக்காரர்கள்கூடத் தகராறு வந்தால் அவளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார்கள்.

"மாரி, அந்த வாரம் பை பிரிச்சது யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி. எப்பவும் நாந்தானே."

"வேற சரக்கு ஏதோ உள்ள போயிருக்கு."

"என் கையத் தாண்டிப் போகாது. பத்து வருஷமா இதே மூக்காலதான் பிரிக்கேன்."

"மூக்குக்கும் வயசாகும்லா" என்றார் ராஜபாண்டி.

கோபத்தில் சொன்னதல்ல. கலீலுல்லாவுக்கு முன்னால் ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது. வாய்க்கு வந்தது அதுதான். ஆனால் சொன்ன பிறகு அது நிலைத்துவிட்டது. மறுநாள் காலை கோமதியம்மாளை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு, மாரீஸ்வரியை உள்ளே கழுவுத் தொட்டிக்கு அனுப்பினார். மாரீஸ்வரி தன் பலகையைத் தானே தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். சாயங்காலத்துக்குள் சந்து முழுவதும் ஒரே பேச்சு: மாரிக்கு மூக்கு போச்சாம். மூக்கு போனவளுக்கு எந்தப் பட்டறையிலும் வாசலில் இடம் கிடையாது.

அன்று இரவு எட்டரைக்கு வகுப்பு முடிந்து, செம்பூரிலிருந்து சயான் போகும் பஸ்ஸில் நகுலும் மாலதியும் ஏறினார்கள். துண்டு முறிந்த கதையை அவள் ஞாயிற்றுக்கிழமையே அவனுக்குப் போனில் சொல்லியிருந்தாள். அவன் இன்னும் அந்தச் சந்தோஷத்தில் இருந்தான்.

"எங்க லேப்ல மெஷினுக்குள்ள லைட் போட்டு வெச்சுப் பார்ப்பா. நீ கட்டில் சட்டத்துல கிளிப் போட்டு அதே ரிசல்ட் கொண்டுவந்துட்டே. ஆஃபீஸ்ல சொன்னேன், நம்பவே இல்லை."

"நானும் முழுசா நம்பல."

"நீ எதைத்தான் நம்பியிருக்கே? கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை இவர்தானான்னு ரெண்டு தடவை செக் பண்ணுவே."

மாலதி சிரித்தாள். நகுல் சட்டென்று நினைவு வந்தவனாக, "அரே, கேட்க மறந்துட்டேன். மீதி மருந்து இருக்கோல்லியோ? நாலரைக்கு மேல மிஞ்சியிருக்கணும். சாம்பிள் ரிஜிஸ்டர்ல என் பேர்ல இருக்கு, திருப்பிக் கொடுக்கணும்" என்றான்.

"இருக்கும். எடுத்துட்டு வாறேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று யோசித்தபோது கண்முன் எதுவும் வரவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினாள். பஸ் குலுங்கிய குலுங்கலில் எழுத்துகள் ஆடின. மார்ச் பதினைந்து, ஞாயிறு. அன்று ராஜபாண்டியிடம் கேட்டு, வேலை இல்லாத மெஷினைத் தானே ஓட்டி மருந்து கலந்திருந்தாள். பத்துக் கிலோவுக்கு நூறு கிராம். இன்னொரு பத்துக் கிலோவுக்கு இருநூறு கிராம். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து, இரண்டு தகட்டுக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் துண்டுகள் செய்திருந்தாள். கடைசி வரி இப்படி இருந்தது: "மீதி மருந்து 4 கிலோ 700. கலந்த மணி 20 கிலோ. எல்லாம் ஒரே சாக்கில் கட்டி, 'சோதனைச் சரக்கு, கலக்க வேண்டாம்' என்று சீட்டு ஒட்டி, மெஷின் பக்கம் வைத்தேன். கை வலிக்கிறது. நாளை மேலே ஏற்ற வேண்டும்."

அடுத்த நாள் பக்கத்தில் சாக்கு பற்றி எதுவும் இல்லை. அன்று வகுப்பில் தேர்வு. அந்தப் பக்கம் முழுக்கத் தேர்வைப் பற்றியே இருந்தது.

மார்ச் பதினைந்துக்கு அடுத்த நாள் மார்ச் பதினாறு.

"என்ன ஆச்சு? முகம் வெளுத்துப்போச்சு" என்றான் நகுல்.

"ஒண்ணுமில்ல. சயான் வந்துட்டு" என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து நின்றாள்.

வியாழக்கிழமை காலை மெஷின் சூடேறும் நேரத்தில் பூதத்தானிடம் போய் நின்றாள். மெஷின் ஓட்டுபவர் அவர்.

"அண்ணே, மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கிழம நான் மெஷின் ஓட்டுனேம்லா. மறுநாளு இங்ஙன ஒரு சாக்கு இருந்துச்சா?"

"ஆமா. மணி இருந்த சாக்கு." பூதத்தான் உடனே சொன்னார். "நல்ல சாக்கு, தாயி. வெறும் பைய மட்டும் போட்டா வாய்ல அடைச்சுக்கிட்டு உள்ள இறங்காது. ஒவ்வொரு கூடைக்கும் அதுல ரெண்டு குவளை மணி சேத்துப் போட்டேன். அன்னைக்கு மெஷின் வெண்ணெய் மாதிரி ஓடுச்சு."

"அதுல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சே."

"இருந்துச்சு. கடுதாசி உள்ள போனா சல்லட அடைச்சுக்கும்லா. அதான் பாத்துப் பிச்சிப் போட்டுட்டேன்."

தன் கவனத்தைப் பாராட்டத்தான் கேட்கிறாளோ என்று அவர் முகம் மலர்ந்திருந்தது. மாலதி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

அந்தப் பட்டறையில் யாரும் எதையும் வாசித்து வேலை செய்வதில்லை. ஒரு சாமான் எங்கே இருக்கிறது என்பதே அதை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடும். ஏணிக்குக் கீழே இருந்தால் கழுவ. சுவரோரம் இருந்தால் காய. வாசலில் இருந்தால் விற்க. மெஷின் பக்கம் இருந்தால் மெஷினுக்கு. சிந்தியது, கட்டி தட்டியது, வழித்துப் போட்டது எல்லாமே அடுத்த ஓட்டத்தில் உள்ளே போகும். ஒரு பிடிகூட வீணாகாது. பத்தொன்பது வயதில் இங்கே வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த விஷயம் இது. எழுதி ஒட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் அதை மறந்திருந்தாள்.

கணக்குப் போட நோட்டு தேவைப்படவில்லை. பதினாறாம் தேதி ஓடியது இருநூற்றைம்பது கிலோ. சாக்கில் இருந்த மருந்து மொத்தம் ஐந்து கிலோ. நூற்றுக்கு இரண்டு. கலீலுல்லாவின் தார்ப்பாயும் தன் மூன்றாவது துண்டும் ஒரே தாய் பிள்ளைகள்.

அன்று அவள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. ராஜபாண்டி வகுப்பை நிறுத்திவிடுவார் என்ற பயம் ஒருபுறம். "பொம்பளப் பிள்ள ராத்திரி ஒம்பது மணிக்கு வீடு வாறது" என்று மாமி வாரம் ஒருமுறை ஆரம்பிப்பதை அவர்தான் அடக்கி வைத்திருந்தார். இன்னொருபுறம், இத்தனை சீக்கிரம் முடிவு கட்டலாமா என்ற கேள்வி. பூதத்தான் நாளை மாற்றிச் சொல்லியிருக்கலாம். தார்ப்பாய் வேறு காரணத்தால் நொறுங்கியிருக்கலாம். அதிலும் ஒரு துண்டு வெட்டிக் கூரையில் தொங்கவிட்டு, இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, உறுதியான பிறகு சொல்வதுதானே முறை? இப்படியே நோட்டில் ஒரு பக்கம் எழுதினாள். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. சந்தேகம் என்பது ஒளிந்துகொள்ள வசதியான இடமும்கூட.

வெள்ளிக்கிழமை மூன்று மணி டீ நேரத்தில் தொட்டிப் பக்கம் போனாள். மற்ற பெண்கள் வெளியே காற்றுக்குப் போயிருந்தார்கள். மாரீஸ்வரி மட்டும் பலகையில் உட்கார்ந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. எதிரே தரையில் கடையில் வாங்கிய ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அதை ஊதி அணைத்து மோந்து பார்த்தாள். பிறகு ஒரு பால் பையின் ஓரத்தைக் கொளுத்தி, அணைத்து, அதை மோந்து பார்த்தாள். மறுபடி மெழுகுவத்தியைப் பற்றவைத்தாள்.

மாலதியைக் கண்டதும் பையை நீட்டினாள்.

"ஏட்டி நோட்டுக்காரி, இத மோந்து பாரு. மெழுகு வாடதானே?"

மாலதி மோந்தாள். "ஆமாக்கா."

"எனக்கும் அப்படித்தான் வருது." மாரீஸ்வரி பையைக் கீழே வைத்தாள். "ஆனா மூணு நாளா எனக்கு வாறது நெசமான வாடதானா, இல்ல நானா நினச்சுக்கிடுதனான்னு தெரியல. நேத்து வீட்ல ரசம் கொதிச்சப்போ மவள கூப்ட்டு, பெருங்காயம் போட்டனா இல்லையான்னு மோந்து சொல்லச் சொன்னேன். அவ சிரிக்கா."

அவள் குரலில் அழுகை இல்லை. அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மாலதி வெளியே வந்து, ஏணியின் கீழ்ப் படியில் உட்கார்ந்தாள். எதை எழுதினாலும் கீழே ஒரு சந்தேக வரி எழுதுவது அவளுக்குப் பழக்கம். அதை வைத்துக்கொண்டு அவளால் வாழ முடிந்தது. மாரிக்காவுக்கு அந்த வரி பழக்கமில்லை. அதை அவளுக்குள் எழுதியவள் மாலதி.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மெஷினை நிறுத்தினார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வாசல் பக்கம் வட்டமாக உட்காருவது வழக்கம். ராஜபாண்டியும் அங்கேதான் சாப்பிடுவார். மாரீஸ்வரி மட்டும் நாலு நாளாகத் தொட்டியோரமே சாப்பிட்டாள். மாலதி அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். "என்னட்டி, எம் பங்குச் சோத்தையும் அளந்து எழுதப் போறியா?" என்று முணுமுணுத்தபடி அவள் வந்து ஓரமாக நின்றாள்.

எல்லோருக்கும் முன்னால் சொன்ன பழியை எல்லோருக்கும் முன்னால்தான் எடுக்க வேண்டும். அதில் மட்டும் மாலதிக்குச் சந்தேகம் இல்லை.

"மாமா, மார்ச் பதினாறு சரக்கக் கெடுத்தது நான்."

ராஜபாண்டி கை சோற்றிலேயே நின்றது.

மாலதி முதலில் நோட்டைப் பிரித்து வாசித்தாள். கிராம், கிலோ, நூற்றுக்கு இரண்டு என்று அவள் சொல்லச் சொல்ல கோமதியம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "பரீச்சைக்குப் படிக்காளா?" என்று கேட்டாள். யாருக்கும் விளங்கவில்லை என்று தெரிந்ததும் மாலதி நோட்டை மூடினாள். மூன்றாவது துண்டையும் கலீலுல்லா விட்டுப்போன தார்ப்பாயையும் எடுத்து, அடுத்தடுத்து மடித்தாள். 'டிக்.' 'டிக்.'

"ரெண்டும் ஒரே மருந்து. வெயில்ல நொறுங்கணும்னுதான் கூடப் படிக்க மாட்டுங்கா பையன்ட்ட அத நான் வாங்கியாந்தேன். மிச்சத்த மெஷின் பக்கத்துல வச்சிட்டுப் போயிட்டேன். பூதத்தான் அண்ணன் மேல தப்பில்ல. மாரிக்கா பிரிச்ச பை எல்லாம் சுத்தமான பை. அவிய மூக்குல ஒரு குறையும் இல்ல."

பூதத்தான் தன் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?" என்றார் ராஜபாண்டி.

"வியாழக்கிழம காலைல இருந்து."

"வியாழன், வெள்ளி, சனி." அவர் விரலை மடக்கினார். அதைவிடப் பெரிதாகத் திட்டியிருந்தால் மாலதிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் எழுந்து கையைக் கழுவினார். அங்கேயே நின்று கலீலுல்லாவுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார், என் தங்கச்சி மகள் செய்தது என்றார், மாரி சரியாகத்தான் பிரித்திருக்கிறாள் என்பதைச் சத்தமாக, இரண்டு தடவை சொன்னார். எதிர்ப்பக்கம் கலீலுல்லா பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"சொன்னீங்களே, அது போதும் அண்ணாச்சி. இந்த மழைக்கு நான் வேற இடத்துல பேசி முடிச்சிட்டேன். அத இனி மாத்த முடியாது. மழ விட்டப்புறம் பாப்போம். அந்த லாட்டு பூராவும் டெம்போல திருப்பி அனுப்புதேன். அத என்ன செய்வீங்க?"

ராஜபாண்டி போனை வைத்தார். அது நல்ல கேள்வி. உருக்கி மறுபடி மணியாக்கினால் அடுத்த சரக்கும் கெடும். விற்க முடியாது, கலக்க முடியாது, வைத்திருந்தால் வெயிலில் நொறுங்கும். எதையும் வீணாக்காத அந்தப் பட்டறைக்கு முதல்முறையாகக் குப்பை என்று ஒன்று வரப் போகிறது.

அவர் தொட்டிப் பக்கம் போனார். மாரீஸ்வரியின் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல் வெளிச்சத்தில், பழைய இடத்தில் போட்டார். அதன்மேல் ஒட்டியிருந்த சோப்பு நுரையைத் தன் தோள் துண்டால் துடைத்தார். உள்ளே போகும்போது மாலதியைப் பார்க்காமல், "கிளாஸுக்குப் போ. ஞாயித்துக்கிழம மெஷின் கிடையாது" என்றார்.

மாரீஸ்வரி பலகையில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து லைட்டரை எடுத்து, கையை நீட்டினாள்.

"அதக் கொண்டா."

மாலதி மூன்றாவது துண்டைக் கொடுத்தாள். மாரீஸ்வரி ஓரத்தைக் கொளுத்தினாள், ஊதினாள், மோந்தாள். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தாள்.

"சுத்தமான மெழுகு வாட" என்றாள். "அப்ப என் மூக்குக்கு ஒண்ணுமில்ல."

"இல்லக்கா."

"மூணு நாளு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்க."

"ஆமாக்கா."

"இன்னும் ரெண்டு நாளு பொத்தியிருந்தா நான் கண்ணையும் சந்தேகப்பட்டிருப்பேன்." அவள் மாலதியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை; ஆனால் உட்கார் என்பது போலப் பக்கத்துத் தரையைக் கையால் தட்டினாள். மாலதி உட்கார்ந்தாள்.

"இந்த மாதிரிப் பை கடைகள்ல வருமா?"

"வரலாம்க்கா. இப்பவே சிலது வரும்னு சொல்லுதாவ."

"மோந்தாலும் தெரியாது, கொளுத்துனாலும் தெரியாதுன்னா நான் எப்படிப் பிரிக்க?"

"வெயில்ல போட்டாத்தான் தெரியும்" என்றாள் மாலதி. அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"அந்த மாட்டுங்கா பையன்ட்ட சொல்லு. போடுதது போடுதாவ, கூட ஒரு கலரையும் போடச் சொல்லு. பச்சையோ மஞ்சளோ. கண்ணால பாத்துத் தூர வச்சிருவம்லா. அவியளுக்கு ஒரு சாயம். எங்களுக்குப் பொழப்பு."

மாலதி நோட்டைத் திறந்து எழுதினாள். கீழே சந்தேக வரி எழுதப் பேனா போயிற்று. என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றது.

மாரீஸ்வரி கையிலிருந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். ஏழு வார வெயில் பட்ட துண்டு காய்ந்த இலை மாதிரி நொறுங்கியது. கசக்கக் கசக்கப் பொடியானது. கையை விரித்து அந்தப் பொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊரெல்லாம் தெருவில் எறிவதைப் பிரித்தே பத்து வருடம் சோறு தின்றவள்.

"பையா கிடந்தா என்னைக்காச்சும் ஒருத்தி குனிஞ்சு எடுப்பா" என்றாள். "இத எப்படிட்டி பொறுக்க?"

மாலதி காகித உறை ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கைக்குக் கீழே பிடித்தாள். பொடியை அதில் தட்டிவிட்டு, தரையில் சிந்தியதையும் விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். இரண்டு பேரும் குனிந்து வாசல் வெளிச்சத்தில் தேடினார்கள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியபோது கிளம்பிய காற்றில் மிச்சம் இருந்தது எங்கேயோ போயிற்று.

திங்கட்கிழமை வகுப்பின் தராசில் உறையை வைத்து நிறுத்துப் பார்த்தாள். மார்ச் பதினைந்தாம் தேதி அந்தத் துண்டின் எடை நாலு கிராம் பத்து. இப்போது, முன்பு முறிந்த முனைகளையும் சேர்த்து, உறையில் இருந்தது மூன்று கிராம் அறுபது. மாரிக்கா கொளுத்திய ஓரம் அரிசி அளவுகூட இருக்காது. அரை கிராமைக் காணோம்.

மூன்று முறை நிறுத்தாள். மூன்று முறையும் அதே எடைதான் வந்தது. செய்முறைப் பாடத்துக்கான கட்டுரையின் முடிவுரையில் அதை அப்படியே எழுதினாள். அதற்கு மேலே, மாரீஸ்வரி என்று பெயர் போட்டு, இதை எப்படிப் பொறுக்குவது என்று அவள் கேட்ட கேள்வியை எழுதினாள். கீழே எதுவும் எழுதவில்லை.